அத்தியாயம் 6: உறுப்பினர் பட்டியல் யார் கையில்?

பீர்க்கன்கரணை 2021 நவம்பர் வரை தனிப் பேரூராட்சி. தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளோடு பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் பீர்க்கன்கரணையும் அதில் சேர்ந்தன. பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்து போய்ப் பேசி முடித்த காரியங்களை இப்போது 70 வார்டுகள் கொண்ட ஒரு மாநகராட்சியிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அங்கே தனி ஆள் கொடுக்கும் மனுவைவிடச் சங்கத்தின் முத்திரையோடு போகும் மனுவுக்கு மதிப்பு அதிகம். ஏரிக்கரைத் தெருவோ ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய நகரோ, குடியிருப்போர் நலச் சங்கம் என்பது ஆண்டுக்கொரு முறை கொடியேற்றிக் கலையும் அமைப்பாக இருக்க முடியாது.

சங்கத்தின் வேலை கூடும்போது ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. எல்லா உறுப்பினர்களின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி அடங்கிய பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. அவர் நினைத்தால் ஒரே நொடியில் அத்தனை வீட்டுக்கும் எழுதலாம். சந்தா கட்டும் சாதாரண உறுப்பினர் ஒருவர் வரவு செலவில் சந்தேகம் எழுப்பவோ, தேர்தலில் நிற்கப் போவதைச் சொல்லவோ விரும்பினால் அவருக்கு அந்த வழி கிடையாது. கேட்டால், ‘அது ரகசியம், தர முடியாது’ என்று பதில் வரும். பட்டியலை யார் வைத்திருக்கிறாரோ அவரே நிரந்தரமாகப் பேசுபவராகிவிடுகிறார். மற்றவர்கள் கேட்பவர்களாகவே இருந்துவிடுகிறார்கள். பல சங்கங்களில் ஒரே நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு வலுவாக இருக்கிறது. அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிகளை நகலெடுத்துக் கையில் வாங்கும் உரிமை அவ்வளவு வலுவானதில்லை. ஆனால் உங்கள் கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்பதற்கு நியாயமும் சட்டமும் துணை நிற்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுத் திரும்புகிறார்கள்.

பதிவேடும் முகவரிப் பட்டியலும்

உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று முதலில் பாருங்கள். நகர் நலச் சங்கங்கள் பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் வருபவை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் 2022-இல் இயற்றப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் என்றால் 1983-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். பதிவுச் சான்றிதழின் தலைப்பிலேயே விடை இருக்கும். இந்த அத்தியாயம் முதல் வகைச் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

1975 சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் அது ஒரு நீளமான அட்டைபோட்ட நோட்டு: வரிசை எண், பெயர், முகவரி, தொழில், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். சட்டம் பிறந்த காலத்தில் இங்கே மின்னஞ்சல் புழக்கத்தில் இல்லை. ஆகவே அந்தக் கட்டமும் கிடையாது. செயலாளரின் மடிக்கணினியில் உள்ள எக்செல் கோப்பு, சங்கத்தின் ஜிமெயில் கணக்கில் சேர்ந்திருக்கும் முகவரிகள், வாட்ஸ்அப் குழு ஆகியவை வேலை வசதிக்காக உண்டானவை. அவை சட்டம் கேட்கும் பதிவேடு ஆகா. உங்கள் விண்ணப்பத்தில் ‘உறுப்பினர் பதிவேடு’ என்ற சொல்லை எழுதினால் சட்டத்தின் மேல் நிற்கிறீர்கள். ‘மெயில் லிஸ்ட்’ என்று எழுதினால் செயலாளரின் தயவை எதிர்பார்த்து நிற்கிறீர்கள்.

பதிவேட்டை எப்போது, எங்கே பார்க்கலாம் என்பது துணைவிதிகளில் இருக்கும். அலுவல் நேரத்தில் உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தையும் பதிவேடுகளையும் கட்டணமின்றிப் பார்வையிடலாம் என்ற விதி நம் ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் உண்டு. பதிவின்போது எழுத்தர் ஒருவர் மாதிரியைப் பார்த்துத் தட்டச்சு செய்ததாக இருக்கலாம்; நிர்வாகிகளே அதைப் படித்திருக்க மாட்டார்கள். துணைவிதி நகல் சங்கத்தில் கிடைக்காவிட்டால் உங்கள் பகுதிக்குரிய மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இந்தக் காரியத்தில் முதல் செலவு அதுதான், அதைத் தவிர்க்கவே கூடாது.

மூன்றில் ஒரு பங்கு

பதிவேட்டைக் காட்ட மறுப்பவரிடம் நீங்கள் வைக்கக்கூடிய பலமான வாதம் 1975 சட்டத்தின் 36-வது பிரிவில் இருக்கிறது. சங்கத்தின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால், சங்கத்தின் நடவடிக்கைகளைப் பதிவாளர் விசாரிக்கலாம். செயற்குழு உறுப்பினர்களில் பெரும்பான்மையோரும் கேட்கலாம்; பதிவாளர் தாமாகவும் செய்யலாம். ஆனால் செயற்குழுவுக்கு வெளியே இருக்கும் உறுப்பினருக்கு எட்டும் வழி அந்த மூன்றில் ஒரு பங்குதான்.

மொத்த உறுப்பினர் எத்தனை பேர் என்று தெரியாமல் மூன்றில் ஒரு பங்கை எப்படிக் கணக்கிடுவது? யார் உறுப்பினர், யார் வாடகைக்கு இருப்பவர், யார் வீட்டை விற்றுவிட்டுப் போனவர் என்று தெரியாமல் யாரிடம் கையெழுத்து வாங்குவது? சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோருவதற்கும் இதே சிக்கல்தான். பதிவேட்டை மறைப்பவர், சட்டம் கொடுத்த ஒரு வழியையே அடைத்துவிடுகிறார். விண்ணப்பத்தில் இதை ஒரு வரியில் எழுதுங்கள். பின்னால் பதிவாளர் முன்போ நீதிமன்றத்திலோ நிற்க நேர்ந்தால், வம்புக்காகக் கேட்கவில்லை, ஒரு சட்ட உரிமையைச் செயல்படுத்தக் கேட்டீர்கள் என்பதற்கு அந்த வரி சாட்சி.

மின்னஞ்சல் என்று வரும்போது

இதில் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. நம் நாட்டுக் கம்பெனிகள் சட்டம், 2013-இன் 94-வது பிரிவு பங்குதாரர்களுக்கு உறுப்பினர் பதிவேட்டைக் கட்டணமின்றிப் பார்வையிடும் உரிமை தருகிறது. ஆனால் 2022-இல் கொண்டுவரப்பட்ட விதித் திருத்தம், முகவரி, மின்னஞ்சல், பான் எண் முதலிய விவரங்களை அந்தப் பார்வையிலிருந்து விலக்கிவிட்டது. பெயர் தெரியலாம், மின்னஞ்சல் தெரியக் கூடாது என்பது அங்கே வெளிப்படையான விதி. நலச் சங்கங்களுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் சட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எடுத்துக் காட்டத்தான் செய்வார்.

கலிபோர்னியா நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. அங்கே வீட்டு உரிமையாளர் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் 2020 ஜனவரி முதல் மின்னஞ்சல் முகவரியும் அடக்கம். விருப்பமில்லாதவர் தம் விவரத்தைப் பகிர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். இலாப நோக்கற்ற சங்கங்களுக்கான அம்மாநிலச் சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. உறுப்பினர் பட்டியல் கேட்டால், சங்கம் பத்து வேலை நாட்களுக்குள், ‘பட்டியலைத் தருவதற்குப் பதிலாக உங்கள் நோக்கம் நிறைவேற இன்ன வழி செய்கிறோம்’ என்று எழுத்தில் மாற்று வழி சொல்லலாம். சங்கமே கடிதத்தை அனுப்பிவைப்பது அப்படிப்பட்ட ஒரு வழி. இங்கிலாந்தின் 2006 கம்பெனிச் சட்டமும் நோக்கத்தைத்தான் கேட்கிறது. பதிவேடு கேட்பவர் எதற்கென்று சொல்ல வேண்டும். கம்பெனி ஐந்து வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும், அல்லது நோக்கம் முறையானதல்ல என்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். செயலாளர் சும்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க அங்கே இடமில்லை.

நம்மிடம் இப்படித் தெளிவான ஏற்பாடு இல்லை. இருப்பது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியமான கடமைகள் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. சங்கங்கள் அதற்குள் தயாராக வேண்டும். ‘டேட்டா சட்டம் வந்துவிட்டது, இனி எதையும் தர முடியாது’ என்று சொல்லும் நிர்வாகிகளுக்காக அந்தச் சட்டத்தில் உள்ள மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

அது டிஜிட்டல் வடிவில் உள்ள தரவுக்கான சட்டம். கணினியில் ஏற்றப்படாத அட்டைபோட்ட பதிவேட்டு நோட்டு அதன் எல்லைக்குள் வராது. அடுத்தது நோக்கம். ஒருவர் எந்தக் காரியத்துக்காக விவரத்தைத் தாமாகக் கொடுத்தாரோ அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு ஓடிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவசரத்துக்கு உதவும் என்று எத்தனை பேர் மனமுவந்து எண்ணையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்கள்! சங்கக் காரியத்துக்காகக் கொடுத்த முகவரிக்குச் சங்கக் காரியம் பற்றிய கடிதம் வருவதில் தவறில்லை. அதே முகவரிக்கு மனை விற்பனை விளம்பரமும் காப்பீட்டு முகவரின் அழைப்பும் வந்தால் அது நம்பிக்கைத் துரோகம். மூன்றாவதாக, சட்ட உரிமை ஒன்றை நிலைநாட்டத் தேவைப்படும் தரவுக்கு 17-வது பிரிவு பல கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குத் தருகிறது. முந்தைய பகுதியில் சொன்ன அந்த ஒரு வரி இங்கேயும் உதவும்.

எப்படிக் கேட்பது

வாய்மொழியாகக் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பது இன்னும் மோசம். செயலாளருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடும், பிறகு அவர் விதியைப் பார்க்க மாட்டார். எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டு, இப்படி எழுதலாம்:

*செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். நான் நம் சங்கத்தின் உறுப்பினர். நடப்பு ஆண்டுச் சந்தா செலுத்தி ரசீது வைத்திருக்கிறேன். வரும் பொதுக்குழுவில் மழைநீர் வடிகால் செலவுக் கணக்கைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். அதன் பொருட்டு, உறுப்பினர் பதிவேட்டைத் துணைவிதிப்படி பார்வையிட்டுப் பெயரும் கதவு எண்ணும் குறித்துக்கொள்ள ஒரு நாளும் நேரமும் தெரிவிக்க வேண்டுகிறேன். இத்துடன் உள்ள ஒரு பக்கக் கடிதத்தைச் சங்கத்தின் மின்னஞ்சல் வழியாக எல்லா உறுப்பினர்களுக்கும் மாற்றமின்றி அனுப்பிவைக்கவும் வேண்டுகிறேன். பிற உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகள் எனக்குத் தேவையில்லை. கடிதத்தில் உள்ள கருத்துகளுக்கு நானே பொறுப்பு. இயலாது என்றால் காரணத்தைப் பத்து நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.*

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது. சந்தா பாக்கி இருப்பவருக்கு உரிமை இல்லை என்று பல துணைவிதிகள் சொல்வதால் ரசீது முதலில் வருகிறது. நோக்கம் அடுத்து வருகிறது. கணக்கு என்று மொட்டையாக எழுதாமல் எந்தக் கணக்கு என்று சொல்ல வேண்டும். ‘முகவரிகள் எனக்குத் தேவையில்லை’ என்ற வாக்கியம் ரகசியம் என்ற சாக்கை எடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் மறுத்தால், மறுப்பது முகவரியைக் காக்க அல்ல, கடிதத்தைத் தடுக்க என்பது எல்லோருக்கும் விளங்கும். கருத்துக்கு நானே பொறுப்பு என்பது செயலாளரின் நியாயமான பயத்தைப் போக்குவதற்கு.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். பழைய பதிவு அஞ்சல் சேவை 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பதிவேட்டைப் பார்க்கப் போகும்போது பேனாவும் நோட்டும் கொண்டுபோங்கள். கைபேசியில் படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். பார்வையிடும் உரிமைக்குள் படமெடுப்பதும் அடங்கும் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

செயலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. உறுப்பினரின் கடிதத்தை அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் பிசிசி கட்டத்தில் போடுங்கள். ‘பெறுநர்’ கட்டத்தில் போட்டால் ஒவ்வொருவர் முகவரியும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். தர மாட்டேன் என்று காத்த பட்டியலை நீங்களே ஊருக்கு விநியோகித்த மாதிரி ஆகும். கடிதத்தின் மேல், ‘உறுப்பினர் ஒருவரின் வேண்டுகோளின்படி அனுப்பப்படுகிறது; இதில் உள்ளவை அவருடைய கருத்துகள்’ என்று ஒரு குறிப்பு போதும். உங்கள் பதிலை அதே அஞ்சலில் சேர்க்காமல் தனியாக அனுப்புங்கள்.

மறுத்துவிட்டால்

பத்து நாள் கழித்து நினைவூட்டுக் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டப் பதிவாளருக்குப் புகார், விண்ணப்பத்தின் நகலோடு. சங்கம் பதிவாளரிடம் தாக்கல் செய்த ஆவணங்களின் சான்றிட்ட நகல்களையும் அங்கேயே கேளுங்கள். நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7 முறையாகத் தாக்கல் ஆகியிருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். சில நேரம் உங்களுக்கு மறுப்பு எழுதியவர் சட்டப்படி செயலாளரே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைச் சங்கத்தின் மேல் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அரசின் நிதியாலோ கட்டுப்பாட்டாலோ கணிசமாக இயங்காத சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது என்பதைக் கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தெளிவாக்கியது. ஆனால் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தனிப்பட்ட விவரங்கள் தொடர்பான விலக்கு 2025 நவம்பரில் இன்னும் இறுகிவிட்டதால், மின்னஞ்சல், கைபேசி எண் போன்றவற்றை அந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசி வழி உரிமையியல் நீதிமன்றம். பீர்க்கன்கரணைக்காரர்களுக்குத் தாம்பரம் பக்கம்தான். பதிவேட்டைக் காட்ட உத்தரவிடும்படி கேட்கலாம். ஆனால் வழக்கு இழுக்கும்; பொதுக்குழுத் தேதி அதற்குள் போய்விடும். கையில் பெயரும் கதவு எண்ணும் இருந்தால் மாலை வேளையில் வீடு வீடாகப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிடலாம். மின்னஞ்சல் இல்லாத பெரியவர்களிடம் உங்கள் கருத்து போய்ச் சேர அதுவே சிறந்த வழியும்கூட.

பட்டியலைக் கேட்டதற்காகவே உங்களை நீக்கிவிடுவோம் என்று மிரட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. உறுப்பினரை நீக்கும் சங்கம் தன் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், இயற்கை நீதிக்கு உட்பட வேண்டும் என்பதை டி.பி. டாவர் எதிர் லாட்ஜ் விக்டோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. குற்றச்சாட்டை எழுத்தில் தராமல், விளக்கம் கேட்காமல் நீக்கினால் அந்த நீக்கம் நிற்காது.

இதைச் செய்யாதீர்கள்

செயலாளர் எழுந்து போன நேரத்தில் அவருடைய கணினியிலிருந்து கோப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்வது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-வது பிரிவின் கீழ் இழப்பீடு கொடுக்க நேரும். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த ஒரு காரியம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும்.

முறையாகக் கிடைத்த பட்டியலையும் வேறு காரியத்துக்குத் திருப்பாதீர்கள். மாநகராட்சியின் முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. அடுத்தது வரும்போது வேட்பாளர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல் தங்கம். சங்கத் தேர்தலுக்காக உறுப்பினருக்கு எழுதுவது உறுப்பினரின் உரிமை. வார்டு தேர்தலுக்கு அதே பட்டியலைக் கட்சிக்காரரிடம் கொடுப்பது உரிமையல்ல. கடிதத்தில் ‘பணத்தைச் சுருட்டிவிட்டார்’ என்று எழுதுவதும் வேண்டாம், அது அவதூறு வழக்கில் போய் நிற்கும். இன்ன தேதியில் இன்ன தொகைக்கு ரசீது இல்லை என்று எழுதுங்கள். அதுதான் அதிகம் சுடும்.

பதவி விட்டுப் போகும் செயலாளர்

பட்டியல் முன்னாள் செயலாளரின் சொந்த ஜிமெயிலில் தங்கிவிடுவது எங்கும் காணும் சிக்கல். மினிட் புத்தகம், முத்திரை, வங்கிக் காசோலைப் புத்தகம் எல்லாம் கைமாறும், முகவரிகள் மாறாது. சங்கத்துக்காகத் திரட்டிய பட்டியல் சங்கத்தின் சொத்து. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதையும் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் கணக்கு வேண்டும். கடவுச்சொல் இரண்டு நிர்வாகிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகம் மாறிய அன்றே அது மாற வேண்டும்.

இத்தனை அலைச்சலும் துணைவிதியில் ஒரு பத்தி இருந்திருந்தால் வேண்டியிருக்காது. அந்தப் பத்தி இது: ‘உறுப்பினர் எவரும் சங்க நடவடிக்கை தொடர்பாக எழுதும் கடிதத்தை, ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேற்படாமல், கிடைத்த ஏழு நாட்களுக்குள் செயலாளர் மாற்றமின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் அவர்களின் எழுத்து மூலமான இசைவின்றி வேறு எவருக்கும் தரப்படக் கூடாது.’ மூன்று முறை, ஏழு நாள் என்பவற்றை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தே இருக்கட்டும். பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்தால்தான் துணைவிதித் திருத்தம் செல்லும். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழு அறிவிப்பு வருவதற்கு முன்பே, கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிவிடுங்கள்.